ஏழு டஸ்டரும் ஒரு தகரமும்

குத்துக்கல்வலசை,
19-7-1984, வியாழன்.

மதுரை போலீஸ் குடியிருப்பில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் இசக்கிப்பாண்டி அவர்களுக்கு, தாங்கள் தங்கை மாரித்தாயை எனக்குக் கொடுத்த வகையில் என்றும் கடமைப்பட்டவனான மாஜி ஹவில்தார் கிளார்க் குத்தாலிங்கம் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் மருமக்களும் ஒரு குறையுமில்லாமல் இருக்கத் திருக்குற்றாலநாதர் துணை நிற்பாராக. இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் அடுப்புப் பற்றவைக்கத் தெரியாதவன், பத்து நாளாக ஓட்டல் இட்லி தின்கிறவன், சொந்த வீட்டுப் பூட்டைச் சுத்தியலால் உடைத்து உள்ளே போனவன் சுகம் என்று எழுதினால் அது பொய்க் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

தங்கள் கார்டு திங்கட்கிழமை கிடைத்தது. 'மாரித்தாய் சௌகரியமாக வந்து சேர்ந்தாள். விவரமெல்லாம் பலகையில் எழுதி வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லுகிறாள். அதன்படி செய்யவும்' என்று மூன்றே வரி. ஹெட் கான்ஸ்டபிளுக்கு மூன்று வரி போதும்தான். அதன்படி செய்ய எனக்கும் ஆசைதான் மச்சான். ஆனால் எதன்படி என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. ஆகையால் தாங்கள் எனக்கு ஒரே ஒரு உதவி செய்ய வேண்டும். மாரித்தாய்க்குச் சந்தேகம் வராதபடி, சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரமாகப் பார்த்து, அவள் அந்தப் பலகையில் என்னதான் எழுதினாள் என்று பேச்சுவாக்கில் கேட்டு, ஒரு வார்த்தை பிசகாமல் மறு தபாலில் எழுதி அனுப்பவும். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். இந்தக் கடிதத்தை அவள் கண்ணில் காட்டவே வேண்டாம். தங்களுக்கு விசாரணை செய்ய நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பலகை உங்கள் ஊரில்தானே இருக்கிறது, போய்ப் படித்தால் என்ன என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது. இருந்தாலும் சொல்கிறேன்.

எங்கள் பஸ் நிறுத்தத்தில் பரீதின் டீக்கடை இருக்கிறதே, போன தடவை வந்தபோது இரண்டு வடை தின்றுவிட்டு எண்ணெய் சரியில்லை என்று மூன்றாவது வடையையும் தின்றீர்களே, அதே கடை. சீசனுக்குக் குற்றாலம் போகிற வேன்காரர்கள் அங்கே நிறுத்தி டீ குடித்துவிட்டு, "அருவியில தண்ணி விழுதா?" என்று கேட்பார்கள். ஒரு நாளைக்கு இருநூறு தடவை பதில் சொல்லிச் சொல்லிப் பரீதுக்குத் தொண்டை கட்டிப்போய், போன வருஷம் சீசனில் ஒரு கரும்பலகை வாங்கிக் கடைக்கு வெளியே மாட்டி, குளித்துவிட்டுத் திரும்புகிற டிரைவர்கள் சொல்வதை எழுதிப் போட்டான். பெரிய அருவி நல்ல தண்ணீர். ஐந்தருவி மூன்று கிளை. பழைய குற்றாலம் கூட்டம் அதிகம். அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருக்கிறது, வடகரையில் இன்னார் வீட்டில் துஷ்டி, அடக்கம் சாயங்காலம், நாளைக்குக் கரண்ட் கிடையாது, கறுப்பு வெள்ளாடு ஒன்றைக் காணவில்லை. எழுதினவனுக்குச் சம்பளமும் கிடையாது, படிக்கிறவனுக்குக் கட்டணமும் கிடையாது. சாயங்காலமானால் பரீது டேபிள் துடைக்கிற ஈரத்துணியை எடுத்து ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் துடைத்துவிடுவான். நல்லதும் போகும், கெட்டதும் போகும், மறுநாள் பலகை சுத்தமாக இருக்கும். நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. நன்றாக நடக்கிற ஒன்றைச் சும்மா விட்டுவிட நாங்கள் என்ன அவ்வளவு விவரம் கெட்டவர்களா?

ஆவணி பிறந்த வாரத்தில் எவனோ ஒரு புண்ணியவான் 'ஐந்தருவி, ஐந்து கிளையும் தண்ணீர்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு அங்கே பாறை காய்ந்து கிடந்தது. விருதுநகர்க்காரர்கள் ஒரு வேன் நிறையத் தலையிலும் மேலிலும் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு போய், தேய்த்த எண்ணெய் தேய்த்தபடியே திரும்பி வந்து, பரீதின் பெஞ்சில் உட்கார்ந்து ஏசின ஏச்சை எழுத எனக்குக் கை கூசுகிறது. பெஞ்சில் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. மறுநாள் பரீது என் வீட்டுக்கு வந்தான். "அண்ணாச்சி, நீங்க மிலிட்டரியில இருந்தவிய. இப்பம் சும்மாதான இருக்கிய? எழுதுததை ஒரு பார்வ பாத்துக்கிடுங்க" என்றான். சும்மா இருக்கிறேன் என்று சொன்னதை நான் மன்னித்தேன். எண்ணூறு ஜவான்கள் இருந்த எங்கள் பட்டாலியனுக்கு ஒரே ஒரு சுபேதார் மேஜர். அவர் மீசையைத் தொட்டால் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுச் சத்தம் நின்றுபோகும். அந்தக் கணக்கில் ஒரு பலகைக்கு நான் ஒருத்தன் அதிகம். இருந்தாலும் பொதுக்காரியம் என்று ஒப்புக்கொண்டு, மரக்கட்டையில் கம்பளி ஒட்டி ஒரு டஸ்டர் செய்து கையில் எடுத்தேன். தங்களிடம் மறைப்பானேன், அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

முதல் ஒரு மாதம் பலகை பலகையாக இருந்தது. கோணல் எழுத்தை அழித்தேன். பென்சில் கனத்துக்கு எழுதினதை அழித்தேன். தேதி போடாததை அழித்தேன். பரீதின் சம்சாரம் ஜாஹிரா பீவி, எங்களுக்கு அடுத்த வீடு, 'சிவப்புக் கோழியைக் காணவில்லை' என்று எழுதினாள். எந்தச் சிவப்பு, எத்தனை மாதக் கோழி, அடையாளம் என்ன, ஒன்றும் இல்லை. அழித்தேன். மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தேன். மூன்றாவது தடவை அழித்தபோது, "எங்க கோழியக் கண்டா எனக்கே தெரியும், அவியளுக்கு எதுக்கு அடையாளம்?" என்று கேட்டுவிட்டுப் போனவள், அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஒழுங்கு என்று வந்தால் அடுத்த வீடு அசல் வீடு பார்க்க முடியுமா?

இதைப் பொறுக்குமா இந்த ஊருக்கு! குத்தாலிங்கம் சர்வாதிகாரி ஆகிவிட்டான் என்று பேச்சுக் கிளம்பியது. என்னைக் கண்காணிக்க இன்னொரு ஆள் வேண்டுமாம். விஸ்வேஸ்வரன் என்று ஒருவர், ஏதோ ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ரிட்டயர் ஆனவர், தும்மினால்கூட 'பார்வையில் காண்க' என்று சொல்லிவிட்டுத்தான் தும்முவார். அவரை இரண்டாவது மேற்பார்வையாளராகப் போட்டார்கள். நான் அழிப்பேன், அவர் எழுதுவார். அவர் அழிப்பார், நான் எழுதுவேன். இருவர் இருந்தால் முடிவு வராது என்று மூன்றாவதாகச் சைக்கிள் கடைக் காமராஜைச் சேர்த்தார்கள். அவன் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்குகிறவன், அதனால் மத்தியானத்துக்கென்று நாலாவதாகச் சுடலையாண்டி. வடகரைச் செய்தி வருகிறதே, வடகரைக்கு ஆள் இல்லையா என்று ஐந்தாவதாக ஒரு தேங்காய் வியாபாரி. வடகரைக்கு உண்டென்றால் சுரண்டை என்ன பாவம் செய்தது என்று ஆறாவதாக ஒருவர், அவர் வாரத்துக்கு இரண்டு தடவை பஸ் மாறுகிறபோது இறங்கி எதையாவது ஒன்றை அழித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார். ஏழாவது ஆளை யார் சேர்த்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கேட்டால் மனம் நோகும் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் டஸ்டர் வைத்திருக்கிறார்.

ஒருத்தருக்கும் காலணா வருமானம் இல்லாத வேலைக்கு இத்தனை மிடுக்கு எங்கிருந்து வருகிறது மச்சான்? பட்டாலியனில் சம்பளம் வாங்கிக்கொண்டு அதிகாரம் பண்ணினவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் ஐந்து மணிக்குமேல் மனிதர்கள். சும்மா பண்ணுகிறவன் இருக்கிறானே, அவனுக்கு ஓய்வு நேரமே கிடையாது. காமராஜ் டஸ்டரைச் சைக்கிள் ஹேண்டிலில் கட்டிக்கொண்டு சுற்றினான். சுடலையாண்டி கல்யாண வீட்டுப் பந்தியில் டஸ்டரை இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டதை நானே பார்த்தேன். விஸ்வேஸ்வரன் விதிகள் எழுதினார். நாலு வரிக்குமேல் எழுதக்கூடாது. சொந்த விஷயம், குடும்ப விஷயம் எழுதக்கூடாது. மேற்பார்வையாளர் தன் சம்பந்தப்பட்டதில் ஓட்டுப் போடக்கூடாது. இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு தொந்தரவு வந்தது. பலகையில் இருப்பதைவிட அழித்ததைப் பற்றித்தான் டீக்கடையில் பேச்சு அதிகம். 'என்ன எழுதியிருந்தது, எதுக்கு அழிச்சாவ' என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை இதேதான். அதை நிறுத்த ஒரு விதி கொண்டுவந்தேன். அழித்ததை யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது. அது ஏழாவது விதி. கைதட்டி நிறைவேற்றினார்கள். ஆமாம், அந்த விதி நான் போட்டதுதான், இதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ளவும்.

இந்த வருஷம் சீசன் பிறந்ததும் மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து கூட்டம். பொருள்: ஒரு பலகைக்கு எத்தனை மேற்பார்வையாளர் தேவை. பத்துப் பேர் எழுதினால் ஒருத்தர் என்று காமராஜ் கணக்குச் சொன்னான். அப்படியானால் ஏழு பேருக்கு எழுபது பேர் எழுத வேண்டும். அப்போது எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஐந்து பேர், மற்றவர்களை நாங்கள் அழித்தே விரட்டிவிட்டோம். "எண்ணிக்கை எவ்வளவானா என்ன ஓய், ஒத்தைப்படையா இருக்கணும், அதான் முக்கியம்" என்றார் விஸ்வேஸ்வரன். தேங்காய் வியாபாரி ஊருக்கு இரண்டு என்றார். பரீது டீ ஆற்றிக்கொண்டே, "ஒரு நனஞ்ச துணி போதுமே அண்ணாச்சி" என்றான். பொறுப்பில்லாத பேச்சு என்று அவனை எல்லாருமாகக் கண்டித்தோம். அவன் பலகை, அவன் சுவர், அவன் டீ.

இனி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஏழு டஸ்டருக்கும் கம்பளி என் பழைய மிலிட்டரிப் போர்வை. கம்பளிக்குள் மெத்தென்று இருக்கப் பஞ்சு வேண்டுமே, அது மாரித்தாயின் தலையணையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தது. தலையணை தோசையாகிற வரைக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சாரல் வந்தது. சாரலுக்கு விதி தெரியுமா, காலையில் ஏழு பேர் பார்த்து ஒப்புக்கொண்ட செய்தியைப் பத்து மணிக்கு அது ஒரு வீச்சில் அழித்துவிடும். பலகைக்குமேல் ஒரு தகரம் வேண்டும் என்று தீர்மானம் ஆனது. யார் வீட்டுத் தகரம்? எல்லாரும் கூரையைப் பார்க்கிறார்கள். பொதுக்காரியத்தில் பின்வாங்குகிற ரத்தம் என் உடம்பில் இல்லை என்று தங்களுக்குத் தெரியும். எங்கள் அடுப்பங்கரையில் அடுப்புக்கு நேர்மேலே, ஓடு உடைந்த இடத்தில் போட்டிருந்த தகரத்தை ஏணி வைத்து ஏறிக் கழற்றிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மூன்று நாளில் வேறு வாங்கிப் போடுவதாக மாரித்தாயிடம் சொன்னேன். அது ஆனி மாதம் பிறந்த முதல் வாரம்.

அவள் கேட்டாள், இல்லையென்று சொல்லவில்லை. "பலகையில நாலு துளி விழுந்தா ஒடனே தகரம் தேடுதிய. அடுப்புல விழுதே, அது கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டாள். "அது பொது, இது வீடு" என்றேன். இன்னொரு நாள், "ஈர வெறகு ஊதி ஊதி எனக்குக் கண்ணு போகுது, இந்த ஞாயித்துக்கெழமயாவது தகரம் போடுவியளா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்றேன். ஒரு மனைவிக்கு இதற்குமேல் பொறுமையாக எப்படிப் பதில் சொல்வது? மருந்துக்குக்கூட நான் குரலை உயர்த்தவில்லை.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. பத்தாம் தேதி, காலை ஏழு மணிக்கு வாசல் தண்ணீர் தெளித்திருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் பலகைக்குப் போனேன். டீக்கடையில் நல்ல கூட்டம். பலகையில் அருவிச் செய்திக்குக் கீழே ஒரு புதுக் கையெழுத்து, உருண்டை உருண்டையாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கிறது. எண்ணிப் பார்த்தேன், ஆறு வரி, நாலு வரி விதி அங்கேயே அடிபட்டது. முதல் வரியைப் படித்தேன். 'இது என் வீட்டுக்காரருக்கு எழுதுவது.' குடும்ப விஷயம்! மேற்கொண்டு படிக்க என்ன இருக்கிறது? டஸ்டரை எடுத்து மேலிருந்து கீழே நாலே இழுப்பு. "எவளோ ஒருத்தி புருசனுக்குச் சேதி எழுதியிருக்கா. இது என்ன, தபாலாபீஸா?" என்று கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னேன். "கட்டுனவன்கிட்ட வாய் தெறந்து சொல்ல முடியாதா? அவன் காது என்ன செவிடா?" என்றும் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. காமராஜ் தன் செருப்பைப் பார்த்தான். விஸ்வேஸ்வரன் டீயை வாயருகே வைத்தபடி நின்றார். பரீது கையிலிருந்த கிளாஸ் விழுந்து உடைந்தது. என் கண்டிப்புக்கு அவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போனால் பூட்டு. தண்ணீருக்குப் போயிருப்பாள் என்று பத்து மணிவரை வாசலில் நின்றேன். கோயிலுக்கு இருக்கும் என்று பன்னிரண்டு மணிவரை நின்றேன். சாரல் விடாமல் அடித்தது. டீக்கடைக்கு ஓடிப்போய்க் கேட்டால் எல்லாரும் பலகையைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கவில்லை. "ஏலே காமராஜ், எங்க வீட்டுல ஆளக் காணமே, நீ பாத்தியாலே?" என்றேன். "அண்ணாச்சி, அதெல்லாம் பலகையில எழுதியிருந்துச்சு" என்றான். காலையில் நான் அழித்த ஆறு வரி யார் எழுதினது என்று அப்போதுதான் மச்சான் எனக்குப் புரிந்தது. "என்னலே எழுதியிருந்துச்சு?" "சொல்லப்படாதுல்லா? அழிச்சதச் சொல்லப்படாதுன்னு நீங்கதான ரூலு போட்டிய?" என்றான். நல்ல பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். கடைசியில் பூட்டை உடைக்கச் சுத்தியல் கொடுத்தான், அதற்கு மட்டும் விதி இல்லை.

விஸ்வேஸ்வரனிடம் போனேன். "நடைமுறைன்னு ஒண்ணு இருக்கோன்னோ? ஒரு மனு எழுதிக் குடுங்கோ, கமிட்டியில வைக்கறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். பொருள்: குத்தாலிங்கம் அழித்ததைக் குத்தாலிங்கத்துக்குச் சொல்லலாமா. ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம், எனக்கு மட்டும்தான் ரகசியம். சொல்லலாம் என்று மூன்று பேர், கூடாது என்று மூன்று பேர். ஏழாவது ஓட்டு என்னுடையது, ஆனால் என் சம்பந்தப்பட்டதில் நான் ஓட்டுப் போடக்கூடாது. சரிக்குச் சரி. இதை முடிக்க எட்டாவது மேற்பார்வையாளர் ஒருவரைச் சேர்ப்பது என்று தீர்மானம் போட்டார்கள். உடனே விஸ்வேஸ்வரன் எழுந்து, எட்டு இரட்டைப்படையாச்சே, ஒன்பதாவதும் வேண்டும் என்றார். அந்த இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டமாம். நான் பெண்டாட்டியைத் தேடுகிறேன், இவர்கள் ஒத்தைப்படையைத் தேடுகிறார்கள். பாகிஸ்தான்காரன் சுட்டபோதுகூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வரவில்லை.

பரீதிடம் தனியாகக் கெஞ்சினேன். அவன் விதிக்குக் கட்டுப்பட்டவன் இல்லையே. "பீவி வாயத் தெறக்கக்கூடாதுன்னுட்டா அண்ணாச்சி. அவ கோழி விசயத்த இன்னும் மறக்கல" என்று கையைப் பிசைந்தான்.

மாரித்தாய் எழுத்தென்று உனக்குத் தெரியாதா, நீ என்ன புருஷன் என்று தாங்கள் கேட்கலாம். கேளுங்கள், பதில் வைத்திருக்கிறேன். நான் பஞ்சாபிலும் அஸ்ஸாமிலும் கிடந்த பத்தொன்பது வருஷமும் அவளிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வந்ததே, அதை எழுதினது யார்? தாங்கள். தாங்கள் மதுரைக்கு மாற்றலாகிப் போன பிறகு, பள்ளிக்கூடத்து வாத்தியார் யாரோ. என் மனைவியின் கையெழுத்து என்று நான் பத்திரமாகப் பெட்டியில் கட்டி வைத்திருப்பது முழுக்கத் தங்கள் கையெழுத்து மச்சான். அவளுக்கு எழுதத் தெரியும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஆறு மாதமாகச் சாயங்காலம் சாயங்காலம் ஜாஹிரா பீவியோடு எங்கேயோ போய்வந்தாள். முதியோர் கல்வி வகுப்பாம். போவதற்கு முன்னால் என்னிடம் சொன்னாளாம், நான் உம் கொட்டினேனாம். இருக்கும். சாயங்காலம் எனக்குப் பலகையில் ட்யூட்டி. ஆக, நாற்பத்தைந்து வயதில் என் மனைவி முதன்முதலாக எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஊரெல்லாம் படித்தது. நான் அழித்தேன்.

இதை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றுவிட்டது. மை தீர்ந்ததாக இருக்கும்.

ஐந்து வரி பாக்கி. பத்து நாளாக அந்த ஐந்து வரியில் என்ன இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்து எனக்குத் தலை கொதிக்கிறது. திரும்பி வரமாட்டேன் என்று எழுதினாளா, வருவேன் என்று எழுதினாளா? இந்தத் தேதிக்குள் வா என்று எழுதி, அந்தத் தேதி போய்விட்டதா? அதைத்தான் தாங்கள் விசாரித்து எழுத வேண்டும். அந்தப் பலகையை நான் தலைமுழுகிவிட்டேன். ராஜினாமா எழுதிக் கொடுத்து, டஸ்டரையும் ஒப்படைத்துவிட்டேன். இனி அந்தத் திசையில் திரும்பிப் பார்த்தால் என்னை என்னவென்று கேளுங்கள். ஒரு பலகைக்கு எத்தனை மேற்பார்வையாளர் வேண்டும் என்று இனி யாராவது என்னிடம் கேட்டால், கேட்டவன் கையில் ஈரத்துணியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பெரிய மருமகனுக்குப் பரீட்சையில் நல்ல மார்க்கும், சின்ன மருமகளுக்குத் தலைநிறைய முடியும் வளர என் ஆசீர்வாதம். மாரித்தாயிடம் நான் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, கவலையில்லாமல் இருப்பதாக மட்டும் சொல்லவும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
பெ. குத்தாலிங்கம்.

பின்குறிப்பு (20-7-84, வெள்ளி): மேலே கேட்டதை விசாரிக்க வேண்டாம். சொல்ல வேண்டாம் என்றதைச் சொல்லலாம். காரணம் எழுதுகிறேன். இன்று காலை ஓட்டல் லீவு. கஞ்சியாவது காய்ச்சுவோம் என்று அடுப்பில் விறகை வைத்து முக்கால் மணி நேரம் ஊதினேன். கண்ணெல்லாம் புகை, மூக்கெல்லாம் தண்ணீர். ஒருவழியாகத் தீ பிடித்ததும் மேலே ஓட்டையிலிருந்து சாரல் சரியாக வந்து தீயின் தலையில் இறங்கியது. மறுபடி ஊதினேன், மறுபடி இறங்கியது. மூன்றாவது தடவை தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவள் மூன்று வாரம் இப்படித்தானே சோறு போட்டாள் என்று அப்போதுதான் இந்த மண்டைக்கு உறைத்தது. ஏணியை எடுத்துக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போய், யாரையும் கேட்காமல், மனுக் கொடுக்காமல், பலகைக்கு மேலிருந்த தகரத்தைக் கழற்றித் தலையில் தூக்கிக்கொண்டு வந்தேன். "நிறுத்துலே, கமிட்டி முடிவு பண்ணணும்" என்று சுடலையாண்டி பின்னாலேயே ஓடிவந்து, சாரல் பலத்ததும் நின்றுவிட்டான்.

தகரத்தைக் கூரையில் வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஜாஹிரா பீவி கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அதே சிவப்புக் கோழி, அது போன வருஷமே தானாகத் திரும்பி வந்துவிட்டதாம். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து என்னோடு பேசினாள். "அப்பம் மாரித்தாய் எழுதுனது தெரிஞ்சுபோச்சா?" "தெரியாது." "தெரியாமத்தான் தகரத்தப் போடுதியளா?" "அடுப்புல தண்ணி விழுது, போடுதேன்." கையில் ஒட்டின தவிட்டைத் தட்டினாள். "ரூலு எனக்குக் கெடையாது" என்று சொல்லிவிட்டு, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஆறு வரியையும் ஒப்பித்தாள். தாங்களும் கேளுங்கள்.

'இது என் வீட்டுக்காரருக்கு எழுதுவது. வீட்டில் சொன்னால் கேட்க மாட்டார், பலகையில் எழுதினால் படிப்பார். நான் மதுரைக்கு அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். சாவி அம்மிக்கு அடியில். மத்தியானச் சோறு ஜாஹிரா அக்கா வீட்டில். அடுப்பங்கரைத் தகரத்தைப் போட்டுவிட்டு வந்து கூப்பிட்டால் வருவேன்.'

"அன்னைக்குச் சாயந்தரம் வரைக்கும் ஒங்க சோத்த மூடிவச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். வரல. கடைசியில இந்தக் கோழிதான் தின்னுச்சு" என்றாள். அந்தக் கோழி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

ஆணி அடித்து முடித்ததும் மறுபடி டீக்கடைக்குப் போய்ப் பலகையைப் பார்த்தேன். தகரம் இல்லாத பலகையைச் சாரல் துப்புரவாகக் கழுவிவிட்டிருந்தது. மேற்பார்வையாளர்கள் ஆளுக்கொரு குடையைப் பிடித்துக்கொண்டு, அழிக்க ஒன்றுமில்லாமல் நிற்கிறார்கள். பரீது மட்டும் சந்தோஷமாக எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தான்.

ஆகையால் நாளை சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பி நானே வருகிறேன். தபால் எனக்குப் பிறகுதான் வந்து சேரும் என்பதால் இந்தக் கடிதத்தையும் கையோடு கொண்டுவருகிறேன். மேலே எழுதியிருக்கிற அசட்டுத்தனத்தையெல்லாம் அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. மாரித்தாயிடமே கொடுத்துவிடுங்கள், அவளே படிக்கட்டும். அவளுக்கு நான் என் கையால் ஒழுங்காக ஒரு கடிதமும் எழுதினதில்லை, க்ஷேமம், பணம் அனுப்பியிருக்கிறேன் என்று இரண்டு வரிதான். இதையாவது முழுக்கப் படிக்கட்டும்.

இதற்குக் கீழே இருக்கும் ஒரு வரியை மட்டும் கிழித்து எடுத்துவிட்டு அவளிடம் கொடுக்கவும்.

டஸ்டரை நான் ஒப்படைக்கவில்லை மச்சான், பையில்தான் இருக்கிறது.